டோக்கியோவில் ஒரு சங்கடஹர சதுர்த்தி

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஒரத்தநாட்டைக் கடந்தவர்கள் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய சத்திரம் அது. குதிரைகளும் யானைகளும் இழுத்துச் செல்லும் தேரைப்போல் சுவரில் வேலைப்பாடு செய்திருப்பார்கள். இராமேசுவரத்துக்குக் கால்நடையாகப் போன யாத்திரிகர்கள் உண்டு, உறங்கி, களைப்பாறிச் செல்வதற்காக ஏற்பட்ட இடம். வழிப்போக்கருக்கு இலை போட்ட ஊர் என்ற பெருமை ஒரத்தநாட்டுக்கு உண்டு.

இன்று அந்த ஊர்ப் பெரியவர்களே வழிப்போக்கர்களாகிவிட்டார்கள். மகனோ மகளோ வேலை பார்க்கும் ஊர்தான் வயதான காலத்தில் பலருக்கும் யாத்திரைத் தலம். சென்ற ஆடி மாதத்தில் அப்படி டோக்கியோ மாநகருக்குச் சென்றவர்கள் நால்வர். அரிசி ஆலை நடத்தி ஓய்ந்த ஒருவர், அவருடைய மனைவி, அவருடன் ஒரே பள்ளியில் படித்த தமிழாசிரியர், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராயிருந்து ஓய்வு பெற்ற இன்னொரு பள்ளித் தோழர். ஆலைக்காரரின் மகளும் ஆசிரியரின் மகனும் டோக்கியோவின் கிழக்கேயுள்ள நிஷி கசாய் என்னும் பகுதியில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கிறார்கள். நம் நாட்டுக் கணினிப் பொறியாளர்கள் மிகுதியாகக் குடியேறியிருக்கும் இடம் அது. துணைவியை இழந்து தனியே இருந்த செயலாளரை ஆசிரியர்தான் விடாப்பிடியாக அழைத்துச் சென்றார்.

புறப்படுமுன் நால்வரின் கைப்பேசியிலும் ஒரே செய்தி வந்து விழுந்திருந்தது. ஜப்பான் முழுவதும் இந்துக் கோயில்கள் என்றும், அங்குள்ளோர் அனைவரும் நம் தெய்வங்களையே வணங்குகிறார்கள் என்றும் கூறும் செய்தி. இதை அப்படியே நம்பிச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். முழுப்பொய் என்று தள்ளுபவருக்கோ பெரிய இழப்பு. ஜப்பானில் நம் தெய்வங்கள் இருக்கிறார்கள் என்பது மெய். அவர்கள் வீற்றிருப்பவை பௌத்த ஆலயங்கள். ‘தேவ’ என்னும் சொல்லுக்கு நேராக ‘தென்’ என்ற பின்னொட்டைச் சேர்த்து, தர்மத்தைக் காக்கும் காவல் தெய்வங்களாக அவர்களை அந்நாட்டார் போற்றுகிறார்கள். சரஸ்வதி அங்கே பென்சாய்தென், குபேரன் பிஷாமோன்தென், இந்திரன் தைஷாகுதென், மகாகாளர் தைகோகுதென், பிள்ளையார் காங்கிதென்.

இவர்கள் கப்பலேறிப் போன வரலாறு நீண்டது. பௌத்த நூல்கள் வடமொழியிலிருந்து சீன மொழிக்குப் பெயர்ந்து, சீனத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்றபோது இத்தெய்வங்களும் உடன் சென்றனர். 736-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து போதிசேனர் என்னும் துறவி ஜப்பானை அடைந்தார். 752-இல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் திருமேனிக்குத் தூரிகையால் கண் திறந்து வைத்தவர் அவரே. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டி, திரண்டிருந்தோர் அதைப் பற்றிக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றனர். கும்பாபிஷேகத்துக்கு முன் நம் ஆலயங்களில் ஸ்தபதி கண் திறக்கும் சடங்கைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கூகாய் என்னும் ஜப்பானியத் துறவி சீனம் சென்று, அங்கே இந்தியத் துறவி ஒருவரிடம் வடமொழியும் கற்று, 806-இல் தாயகம் திரும்பினார். மந்திரமும் ஹோமமும் அந்நாட்டில் வேரூன்ற அவரே பெரிதும் காரணர்.

அந்த ஹோமத்தைத்தான் நண்பர்கள் முதலில் கண்டார்கள். நிஷி கசாயிலிருந்து தோசாய் பாதை ரயிலில் நான்கு நிலையங்கள் கடந்தால் மோன்சென் நகாச்சோ. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஃபுககாவா ஃபுதோதோ ஆலயம். 2011-இல் கட்டிய அதன் புதிய மண்டபத்தின் வெளிச்சுவர் முழுவதும் எழுத்துகள். எல்லாம் மந்திர எழுத்துகள். சித்தம் என்று பெயர் பெற்ற அந்த வரிவடிவமும் நம் கிரந்தமும் பிராமி என்னும் ஒரே தாய் ஈன்றவை. ஆசிரியர் சுவரருகே நின்று தடவித் தடவிப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆயினும் நகர மனம் வரவில்லை.

நாள்தோறும் பலமுறை அங்கே ‘கோமா’ நடைபெறுகிறது. ஹோமம் என்பதே கோமா என்றாயிற்று. பெரிய முரசுகள் அதிர, துறவியர் மந்திரம் ஓத, குண்டத்தில் சமித்து அடுக்கி நெருப்பு மூட்டுகிறார்கள். வேண்டுதலை எழுதிய மரக்குச்சிகள் தீயில் சேர்கின்றன. முடிவில் பக்தர்கள் தம் கைப்பைகளையும் பணப்பைகளையும் கொடுக்க, துறவியர் அவற்றைத் தீயின் மேல் காட்டித் திருப்பித் தருகிறார்கள். செயலாளர் தம் மருந்துப் பையைக் கொடுத்தார். மூலவர் ஃபுதோ, அதாவது அசலர், அசையாதவர். அனல் சூழ, வாளும் கயிறும் ஏந்தி, கண்ணை உருட்டி அமர்ந்திருக்கும் கோலத்தைக் கண்ட ஆலைக்காரரின் மனைவி, “நம்ம ஊர் ஐயனார் மாதிரி” என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து உவெனோ. ஆடி, ஆவணியில் செல்பவர்கள் இவ்விடத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஷினோபசு என்னும் குளத்தின் ஒரு பகுதி முழுவதும் தாமரை. நண்பகலில் மலர்கள் கூம்பிவிடும். 1625-இல் கானெய்ஜி ஆலயத்தை நிறுவிய தென்காய் என்னும் துறவி, கியோத்தோவுக்கு அருகிலுள்ள பிவா ஏரியையும் அதிலுள்ள சரஸ்வதி தீவையும் மனத்தில் கொண்டு, இக்குளத்தின் நடுவே தீவமைத்துக் கலைமகளை எழுந்தருளச் செய்தார். 1945-இல் போரில் எரிந்துபோன எண்கோண மண்டபம் 1958-இல் மீண்டும் எழுந்தது. அன்னைக்கு எட்டுக் கரங்கள்.

கூத்தனூர் சரஸ்வதியைத் தரிசித்துப் பழகிய நமக்கு, கலைமகள் என்றால் ஏடும் எழுதுகோலும் வித்யாரம்பமும்தான் நினைவுக்கு வரும். அவள் ஆதியில் ஒரு நதி என்பதை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். ஜப்பானியர் மறக்கவில்லை. குளக்கரை, தீவு, கடலோரக் குகை என்று அவளை எப்போதும் நீரருகிலேயே வைத்திருக்கிறார்கள். காவிரியைத் தாயென்று வணங்கி, ஆடிப் பெருக்கில் மங்கலப் பொருள்களை நீரில் விடும் நாட்டாருக்கு இது சட்டென்று விளங்கும். அவள் மந்திரத்தை அங்கே ‘ஓன் சொரசொபத்தே எய் சோவாக’ என்று ஓதுகிறார்கள். இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தால் உள்ளேயிருக்கும் ‘ஸரஸ்வத்யை ஸ்வாஹா’ தானே வெளிப்படும். கையில் வீணைக்குப் பதிலாக பிவா. பேரிக்காய் வடிவிலான நரம்புக் கருவி. தஞ்சையின் பலாமரத்து வீணையை அறிந்தவர்கள் அதைச் சிறிது ஏளனமாகப் பார்க்கக் கூடும். பார்க்க வேண்டாம்.

அத்தீவில் செயலாளரைக் கவர்ந்தவை வேறு. தேய்ந்த சமையல் கத்திகளுக்கு ஒரு நினைவுக்கல். மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு நினைவுக்கல். உழைத்த பொருளுக்கு நன்றி செலுத்தும் வழக்கம் அது. சரஸ்வதி பூஜையன்று பேரேட்டுக்கும் எழுதுகோலுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் வரை கணக்கெழுத மறுத்த பழைய அலுவலக நாள்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன.

ஆலைக்காரரைக் கவர்ந்தவர் தைகோகுதென். மகாகாளர் என்றதும் நம் மனத்தில் எழும் உக்கிர வடிவத்தை அங்கே தேடக் கூடாது. கொழுத்த கன்னமும் சிரித்த முகமுமாய், தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு சுத்தியலுடன் அவர் நிற்பது இரண்டு நெல்மூட்டைகளின் மேல். அந்நாட்டு மண்ணின் தெய்வம் ஒருவரது பெயரும் அதே ஒலியில் அமைந்ததால் இருவரும் காலப்போக்கில் ஒருவராயினர். “கோட்டைக் கட்டுப் போலவே வைக்கோலால் கட்டியிருக்கிறான் பார்” என்று ஆலைக்காரர் மூட்டையின் கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டு நெல்லோடு வாழ்ந்தவரின் பக்தி வேறெப்படி இருக்கும்?

ககுராசகாவிலுள்ள ஸென்கொகுஜி ஆலயத்துக்கு அன்று மாலை சென்றார்கள். வைசிரவணன் என்ற பெயர்தான் பிஷாமோன் என்று திரிந்தது. நம் குபேரன் தொந்தி சரியப் பொற்கிழியோடு அமர்ந்திருப்பான். அங்குள்ளவன் கவசம் பூண்ட போர்வீரன். வாயிலில் காவல் இருப்பவை கல்லில் வடித்த புலிகள். வடதிசைக் காவல் என்ற பொறுப்பு மட்டும் இரு நாட்டிலும் மாறவில்லை.

இந்திரனுக்கு டோக்கியோவின் ஓரத்தில், ஷிபமதாவில், 1629-இல் தோன்றிய தனி ஆலயமே உண்டு. நண்பர்களுக்கு அங்கே செல்ல வாய்க்கவில்லை. வாய்ப்புடையோர் தவறவிடக் கூடாது. வயலும் வயல் சார்ந்த மருத நிலத்துக்கு வேந்தனாகிய இந்திரனே தெய்வம் என்றது தொல்காப்பியம். காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் அவனுக்கு விழா எடுத்தார்கள். இன்று காவிரிப் படுகையில் இந்திரனுக்கு அந்தப் பழைய சிறப்பு இல்லை. கோயில்களில் கீழ்த்திசைக் காவலனாக ஒதுங்கி நிற்கிறான். டோக்கியோவிலோ அவன் பெயரைச் சொல்லி வழிகேட்டால் ரயில் நிலையத்திலேயே கை காட்டுகிறார்கள்.

அன்றிரவு வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. ஆலைக்காரரின் மனைவி நாற்பத்தொரு ஆண்டுகளாகச் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர். மகள் பிறப்பதற்கு முன் தொடங்கிய விரதம். ஒரு மாதமும் தவறியதில்லை. ஊரிலிருந்து எடுத்துச் சென்ற பஞ்சாங்கத்தில் அன்றைய தேதியில்தான் சதுர்த்தி. காலையிலிருந்து அலைந்ததில் நினைவு வரவில்லை, நண்பகலில் சாப்பிட்டும்விட்டார். இரவு எட்டு மணிக்கு நாள்காட்டியைப் பார்த்தவருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன.

ஆசிரியரை அழைத்தார்கள். அவர் ஒரு தாளில் கணக்கிட்டார். அயல்நாடு செல்லும் அன்பர்கள் எல்லோருக்கும் பயன்படும் கணக்கு அது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தில் 12 பாகைக்கு ஒரு திதி. உலகெங்கும் அது ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடியும். ஊருக்கு ஊர் மாறுபவை கடிகார நேரமும் உதய நேரமும். ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி, அதாவது எட்டே முக்கால் நாழிகை முன்னே ஓடுகிறது. பஞ்சாங்கப்படி சதுர்த்தி தொடங்குவது ஒரத்தநாட்டில் மாலை 6.40, டோக்கியோவில் அது இரவு 10.10. சந்திரோதய வேளையில் சதுர்த்தி இருக்க வேண்டும் என்பது இந்த விரதத்தின் விதி. டோக்கியோவில் அன்று எட்டரை மணிக்குச் சந்திரன் எழுந்தபோது திருதியைதான். சதுர்த்தி முடிவது மறுநாள் இந்திய நேரம் மாலை 6.10, டோக்கியோ நேரம் இரவு 9.40. ஆகவே அந்த ஊருக்கு விரதம் மறுநாள்.

“ஊரே இன்றைக்கு இருக்கும்போது நான் மட்டும் நாளைக்கா, அண்ணே?” என்று அம்மையார் கேட்டார். கணக்கு சரியாயிருக்கலாம், மனம் ஒப்ப வேண்டுமே. ஊர்க் குருக்களையே தொலைபேசியில் பிடித்தார்கள். “எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ச் சந்திரனைப் பார்த்துத்தானே அம்மா அர்க்கியம் விடப்போகிறீர்கள்? நாளைக்கே இருங்கள்” என்று அவர் ஒரு வரியில் முடித்தார்.

மறுநாள் காலையில் வேறொரு சிக்கல். அம்மையாருக்குச் சர்க்கரை நோய். வெயிலிலும் நடையிலும் பட்டினி கிடக்கக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொன்னாள். “இந்தப் பிள்ளையாரை வேண்டித்தான் நீ பிறந்தாய்” என்றார் தாய். “நான் பிறந்ததற்காக நீ மயங்கி விழ வேண்டுமா?” என்றாள் மகள். அதன்பின் பேச்சில்லை. மாத்திரை உட்கொள்ளும் முதியோர் வெறும் வயிற்றோடு இருப்பது ஆபத்து. பாலும் பழமும் கொள்வதை விரத பங்கமாகப் பெரியோர் கருதுவதில்லை. இதை ஆலைக்காரர் இதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தம்ளர் பால் மட்டும் உள்ளே சென்றது. சனிக்கிழமையாதலால் மகளும், பத்து வயதுப் பேத்தியும் உடன் புறப்பட்டார்கள். ரயிலில் தாய் ஒரு கோடியிலும் மகள் மறுகோடியிலும் அமர்ந்தார்கள்.

அசகுசா ஆலயத்தின் செங்குளியன்ன சிவந்த வாயிலில் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள பெரிய காகித விளக்கு தொங்குகிறது. இருபுறமும் காற்றின் தெய்வமும் இடியின் தெய்வமும். 628-ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் வலைவீசிய மீனவச் சகோதரர் இருவரின் வலையில் சிக்கிய கருணை தெய்வத்தின் சிறு படிமமே இங்கு மூலவர் என்பது தலவரலாறு. அந்தப் படிமத்தை எவரும் பார்ப்பதில்லை. 1945 மார்ச் மாதத்து விமானத் தாக்குதலில் பழைய ஆலயம் எரிந்துபோக, 1958-இல் இப்போதுள்ளதைக் கட்டினார்கள். படியேற இயலாத முதியோருக்கு மின்தூக்கி உண்டு. கடைத்தெருவின் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்துக்குச் சென்றவர்கள் அஞ்ச மாட்டார்கள்.

உண்டியலில் இடப் பேத்தி எல்லோருக்கும் ஓர் ஐந்து யென் நாணயம் கொடுத்தாள். அந்நாட்டில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஐந்து யென் என்பதை ‘கோ என்’ என்கிறார்கள். நல்ல பிணைப்பு என்பதற்கும் அதே ஒலி. பெருந்தொகையைவிட அந்தச் சிறு காசையே விரும்பி இடுவோர் மிகுதி. செயலாளர் வாழ்நாளெல்லாம் நாணயம் எண்ணியவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். நடுவில் துளை, துளையைச் சுற்றிப் பற்சக்கரம், அடியில் நீர்க்கோடுகள், மேலே வளைந்து தொங்குகிறது ஒரு நெற்கதிர். ஆலைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, அதை உண்டியலில் போடாமல் மடியில் முடிந்துகொண்டு, வேறொன்று கேட்டார்.

ஆலயத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு மேடு. அதன்மேல் ஒரு சரஸ்வதி. கூட்டம் இங்கே வருவதில்லை. இந்த அன்னைக்குத் தலை நரைத்திருக்கும். ஆகையால் ‘மூதாட்டி பென்தென்’ என்றே அவளுக்குப் பெயர். இளமை மாறாத கலைமகளையே கண்டு பழகிய நமக்கு, நரைத்த கூந்தலுடன் ஒரு சரஸ்வதி என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. சந்நிதியின் கதவு குறிப்பிட்ட நாள்களில்தான் திறக்கும். அன்று மூடியிருந்தது. மூடிய கதவின்முன் முதியவர்கள் நால்வரும் சற்றுக் கூடுதல் நேரம் நின்றார்கள்.

ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் மத்சுசியாமா என்னும் குன்று. குன்று என்றால் நம் ஊர்க் குளத்துக் கரையைவிடச் சற்று உயரம். முதியோரை ஏற்றிச் செல்லச் சிறிய சரிவு ஊர்தி ஒன்றும் ஓடுகிறது. 595-இல் பூமியைப் பிளந்துகொண்டு இக்குன்று எழுந்தது என்றும், ஆறு ஆண்டுகள் கழித்துக் கொடிய வறட்சி வந்தபோது கருணை தெய்வமே கணபதி வடிவில் தோன்றி மக்களைக் காத்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. ஜப்பானியப் பிள்ளையாரின் புகழ்பெற்ற இருப்பிடங்களுள் இது ஒன்று.

இங்கேதான் அம்மையார் தயங்கி நின்றுவிட்டார். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. நம் பிள்ளையார் அரசமரத்தடியில், ஆற்றங்கரையில், முச்சந்தியில், கதவே இல்லாமல் அமர்ந்திருப்பவர். யாரும் தொடலாம், தோப்புக்கரணம் போடலாம். இங்குள்ளவரைப் பேழைக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். துறவியர் தவிர எவரும் காண்பதில்லை. அந்நாட்டுப் புராணத்தில் அவர் முன்பு இடையூறுகளின் தலைவராயிருந்து, கருணை தெய்வத்தின் அன்பால் அடங்கியவர். இரண்டு யானைமுக உருவங்கள் தழுவி நிற்பது அவர் திருவுருவம். கேட்டதைக் கொடுப்பவர், சொன்ன சொல் தவறினால் பொறுக்காதவர் என்று பக்தர்கள் பயபக்தியோடு நடந்துகொள்கிறார்கள். வெதுவெதுப்பான எண்ணெயால் அவருக்குத் துறவியர் நீராட்டுவது மறைவில் நடக்கும் சடங்கு. நம் எண்ணெய்க்காப்பின் உறவு அது என்பதில் ஐயமில்லை.

“கண்ணால் காணாத பிள்ளையாரிடம் நான் என்ன வேண்டுவது?” என்றார் அம்மையார்.

“சிதம்பரத்தில் திரையை விலக்கினால் என்ன தெரிகிறது, தங்கச்சி?” என்று கேட்டார் ஆசிரியர்.

அவர் விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துத் தாமாகவே பேசினார். “கட்டிக் கொடுத்த பெண் மாதிரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தூர தேசத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம். அந்த வீட்டுப் பழக்கம், அந்த வீட்டுச் சாப்பாடு, அந்த வீட்டுப் பெயர். நம் வீட்டில் இருந்தது போலவே இரு என்றால் எப்படி இருப்பாள்?” சொல்லிவிட்டு மகளைப் பார்க்காமல் படியை நோக்கி நடந்தார்.

அங்கே நிவேதனம் அருகம்புல்லன்று, கொழுக்கட்டையுமன்று, வெள்ளை முள்ளங்கி. ஆலயத்திலேயே விற்கிறார்கள். தூண்களிலும் விளக்குகளிலும் பின்னிக்கிடக்கும் இரட்டை முள்ளங்கியும், பணப்பையும் சின்னங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இது என்ன கோலம் என்று எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்தியாவின் பழைய கணபதி படிமங்கள் சிலவற்றின் கையிலிருப்பது முள்ளங்கியே என்று படிமக்கலை அறிஞர்கள் கூறுவர். நாம் கைவிட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள் போலும். மோதகமும் அழிந்துவிடவில்லை, கியோத்தோவில் ‘கான்கிதான்’ என்ற பெயரில், பயற்றுப் பூரணம் வைத்து, சுருக்குப் பைபோல் முடிந்து, நல்லெண்ணெயில் பொரித்த பணியாரம் இன்றும் கிடைக்கிறது.

ஆளுயரமாகத் தோன்றிய முள்ளங்கி ஒன்றை அம்மையார் இரு கையாலும் ஏந்தி நின்றார். ஏன் முள்ளங்கி என்று பேத்தியிடம் கேட்டார். அவள் அங்கிருந்த விளக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள்: “முள்ளங்கின்னா கோபமாம், அம்மாச்சி. நமக்குள்ள இருக்கிற கோப விஷமாம். அதைச் சாமிக்கிட்ட கொடுத்திடணுமாம்.”

அம்மையார் முள்ளங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கனமாயிருக்கிறது, ஒரு பக்கம் பிடி” என்றார், யாருக்கென்று சொல்லாமல். மகள் வந்து பிடித்தாள். இருவருமாக உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அம்மையார் குட்டிக்கொண்டு மூன்று முறை தோப்புக்கரணம் போட்டார். முழங்கால் வலி அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜப்பானியக் கிழவி ஒருத்தி வியப்போடு நோக்கிவிட்டு, இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

படைத்த முள்ளங்கிகளைப் பிறகு பிரசாதமாகப் பக்தர்களுக்கே தருகிறார்கள். அப்படி ஒன்று செயலாளரின் பையில் ஏறியது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காய்கறி உணவு என்று சொல்லிக் கொடுப்பவற்றிலும் மீன் துருவலைக் கொதிக்கவைத்த சாறு கலந்திருக்கும். கொடுப்பவருக்கு அதை மீனென்றே தோன்றாது. கேட்டு உண்பதைவிடக் கட்டிக்கொண்டு போவது மேல். அன்று மற்றவர்களுக்குப் புளியோதரையும், அம்மையாருக்கு வாழைப்பழமும் மகள் எடுத்து வந்திருந்தாள். ஆற்றங்கரையில் அமர்ந்தபோது உரித்துக் கொடுத்தாள். அம்மையார் இரண்டு பழம் உண்டார்.

இரவு எட்டு மணிக்கே எல்லோரும் மாடி முகப்பில் கூடிவிட்டார்கள். கிழக்கே கட்டடங்கள் மறைத்தன. எட்டரை ஆயிற்று, சந்திரன் தெரியவில்லை. எட்டே முக்காலுக்கு அம்மையார், மேகமோ என்று கலங்கினார். ஒன்பதுக்குச் சில நிமிடங்களிருக்க, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மங்கிய செம்மையாய் மேலெழுந்தது. சதுர்த்தி முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். செம்பிலிருந்து அர்க்கியம் விட்டார் அம்மையார். மகள் உள்ளேயிருந்து கொழுக்கட்டைத் தட்டோடு வந்தாள். எப்போது செய்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முள்ளங்கியை அன்று தொடவில்லை. விரத நாளில் முள்ளங்கி சமைப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அதில் பாதியைத் தாய் சாம்பாருக்கு நறுக்கினார். மீதியை மகள் தன் வழக்கப்படி ஜப்பானிய ஊறுகாயாகப் போட்டாள்.